றைஸ் குக்கரோடு போன சுற்றுலா

பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அதைக் கண்டேன். ஒரு றைஸ் குக்கர். வீட்டில் நாலு பேருக்குச் சோறாக்குகிற சின்னச் சாமான் இல்லை. ஊரே கூடிச் சாப்பிடுகிற அந்தியேட்டிச் சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய குக்கர். பக்கத்தில் ஒரு பை சிவப்பரிசி, ஒரு பெட்டி நிறையத் தேங்காய்ப்பால் ரின், பழைய ஐஸ்கிறீம் டப்பாக்களில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கருவாட்டுப் பொரியலும். மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் காலைக் குளிரில் நின்ற எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஏனென்றால் நாங்கள் புறப்பட்டது இத்தாலியச் சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு.

இத்தாலி நாட்டுக்கு அல்ல. ஒஸ்ரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் வடகிழக்கில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பலேறி வந்த இத்தாலியர்கள் அங்கே புகையிலை நட்டார்கள். புகையிலைக்குக் காலம் முடிந்தபோது திராட்சை நட்டார்கள். இன்றைக்கும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அங்கே கமம் செய்கிறார்கள். அப்படி ஒரு பண்ணை வீட்டில் போய்த் தங்கி, அவர்களுடைய மேசையில் இருந்து, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் பயணம். எங்கள் மூத்தோர் வட்டம் ஒழுங்கு செய்தது.

இதை எழுதினால் வட்டத்தில் சிலருக்கு மனம் நோகும் என்று என் மகள் சொன்னாள். நோகட்டும். எனக்கு நொந்தபோது அவர்கள் இலையில் கை கழுவிவிட்டு ஏப்பம் விட்டவர்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கிலீசு எழுத இன்றைக்கும் கை நடுங்கும். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து, கோழித் தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் நின்று வேலை செய்து, வீட்டுக் குசினியில் றோல்ஸ் சுட்டு விற்கத் தொடங்கி, டண்டினோங்கில் கடை திறந்தவன் நான். தென்கிழக்கு மெல்பேர்ணில் ஒரு தமிழ் வீட்டில் கொண்டாட்டம் என்றால் வாசலில் என் வான் நிற்கும். டொக்டர்மாரும் கணக்காளர்மாரும் என் கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்று, "அண்ணை, எப்பிடியாவது அந்தத் திகதியை எங்களுக்குத் தாங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார்கள். பெருமைதான் பேசுகிறேன். பெருமைப்படுகிற அளவுக்கு உழைத்திருக்கிறேன்.

கடை என் பெயரில் இருந்தது. கை என் மனைவியுடையது. அதை நான் எந்தச் சபையிலும் மறைத்தது கிடையாது. இடியப்ப உரலை அமத்தி அமத்தி அவளுடைய வலது மணிக்கட்டு நரம்பு நெரிந்து, விரல்கள் விறைத்து, கடைசியில் ஒப்பரேசன் செய்து, வெட்டித்தான் சரிக்கட்ட வேண்டும் என்றார்கள். வெட்டிய பிறகு வைத்தியர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், இனி இந்தக் கை பாரம் தூக்கக் கூடாது, உரல் பிடிக்கக் கூடாது, பெரிய சட்டி கிண்டக் கூடாது என்று. அந்த மாதமே கடையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

கடை போன பிறகுதான் வீட்டில் இருந்து அவளைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. பார்த்தால், அவள் இருந்து சாப்பிடுவதே இல்லை. எனக்குப் போட்டுத் தருவாள். பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பாள். பிறகு அடுப்பைத் துடைப்பாள். எல்லாம் முடிந்த பிறகு, ஆறிப்போன சோற்றைச் சட்டிக்குள்ளேயே போட்டுப் பிசைந்து, சிங்கோடு சாய்ந்து நின்று நாலு வாய் தின்பாள். கதிரை இழுத்து விட்டால் இருப்பாள். நான் தண்ணீர் கேட்டால் எழும்பிவிடுவாள். கடைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாலும் பேரன்மாருக்கு ஊட்டி முடிய இவளுடைய தட்டு ஆறிக் கிடக்கும். இத்தனை ஆயிரம் பேருக்குச் சுடச்சுடச் சோறு போட்டவள், சூடாக ஒரு சாப்பாட்டை இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை.

ஆகவே, சுற்றுலா அறிவித்தல் வந்தபோது முதல் பெயர் கொடுத்தவன் நான்தான். யாரோ சமைக்க, யாரோ பரிமாற, இவள் இருந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் இருந்து அதை நான் பார்க்க வேண்டும். வேறு எதற்காகவும் நான் போகவில்லை. மலையும் திராட்சையும் எனக்கு எதற்கு?

வட்டத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். என்னைவிட இளையவர். எல்லாவற்றையும் மைக் பிடித்துத்தான் சொல்லுவார். நான் பஸ்ஸடியில் அவரைப் பிடித்தேன்.

"தம்பி, உதென்ன குக்கர்?"

"ஒரு பாதுகாப்புக்கு அண்ணை. இத்தாலியன் சாப்பாடு எல்லாருக்கும் ஒத்துவருமோ தெரியாதுதானே?"

"ஒத்துவராதவை ஏன் வாறவை?"

"ஒரு மாற்றத்துக்கு அண்ணை, ஒரு மாற்றத்துக்கு."

"ஆர் சமைக்கிறது?"

"பட்டனை அமத்திறதுக்கு ஆள் வேணுமே? குக்கர் தன்பாட்டில அவிக்கும்."

சோறு தன்பாட்டில் அவியும். கறி தன்பாட்டில் அவியுமா? தேங்காய்ப்பால் ரின் தானாகவே திறந்து சட்டிக்குள் குதிக்குமா? கேட்டிருக்க வேண்டும். அதற்குள் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கோப்பா. விடியக்காலமையே சண்டையோ?" என்றாள். விட்டேன்.

பஸ் பெருந்தெருவில் ஏறியதும் செயலாளர் மைக்கை ஒவ்வொருவராகக் கொடுத்து, தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என்னிடம் வந்தபோது நான் சும்மா இருப்பேனா? கடை வளர்ந்த கதையைச் சொன்னேன். "என் மனிசி வைக்கிற சொதிக்கு மெல்பேர்ணிலயும் ஈடில்லை, சிட்னியிலயும் ஈடில்லை" என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையைத்தானே சொன்னேன்? இன்றைக்கும் சொல்லுவேன்.

பண்ணை வீட்டுக்காரி அறுபது கடந்த மனுசி. அகலமான தோள், ஆண்பிள்ளைச் சப்பாத்து, ஏப்ரன் கழற்றாத உடம்பு. வந்து இறங்கிய எங்களைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். யார் மாடு தின்னமாட்டார்கள், யார் முழுச் சைவம் என்று முன்கூட்டியே கேட்டு அறிந்து வைத்திருந்தாள். நீளமான மேசையைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போட்டு, துணி விரித்து, ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பைக்கும் பக்கத்தில் மடித்த துவாய் வைத்திருந்தாள். நான் விருந்துத் தொழிலில் தலை நரைத்தவன். ஒரு மேசையைப் பார்த்தாலே அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதல் மத்தியானம் நியோக்கி. அவித்த உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து, பெருவிரல் நுனி அளவு உருட்டி, வெந்நீரில் போட்டு எடுத்து, உருக்கிய பட்டரும் ஏதோ ஒரு வாசமான இலையும் ஊற்றுவார்கள். ஆவி பறக்கிற கோப்பையை வீட்டுக்காரி முதலாவதாக என் மனைவிக்கு முன்னால் வைத்தாள். பெண்களுக்குள் மூத்தவள் இவள்தான் என்று பார்வையிலேயே அறிந்திருக்கிறாள்.

மனைவி முள்ளுக்கரண்டியை எடுத்தாள். நான் என்னுடைய கோப்பையைத் தொடாமல் பார்த்தேன்.

"அக்கா, அந்த மிளகாய்த்தூள் டப்பாவை ஒருக்கா எடுத்துத் தாறியளோ?" மேசையின் அந்தத் தலைப்பிலிருந்து ஒரு குரல்.

அவள் எழும்பிவிட்டாள். நான் கையைப் பிடிக்க முன்னமே எழும்பிப் போய்விட்டாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் ஒருவருக்கு ஊறுகாய் வேண்டுமாம். இன்னொருவர் மாவில் முட்டை சேர்ந்திருக்குமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்லட்டாம். அவள் திரும்பி வந்து இருந்தபோது பட்டர் வெள்ளையாக உறைந்து கோப்பையோடு ஒட்டிக் கிடந்தது. அதைத் தின்றாள். நல்லாயிருக்கு என்றாள்.

என் பக்கத்தில் இருந்தவர், பட்டருக்கு மேல் மிளகாய்த்தூளைக் கொட்டிக் கிண்டிச் சிவப்பாக்கிவிட்டு, "இப்பதான் வாயில வைக்கலாம்" என்றார். வீட்டுக்காரி சட்டியோடு நின்று பார்த்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. என் கடையில் யாராவது என் கறிக்குள் சோஸ் ஊற்றியிருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியிருப்பேன்.

அன்று பின்னேரமே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. உப்புமில்லை, உறைப்புமில்லையாம். வெறும் மாவும் சீஸுமாம். இராச்சாப்பாட்டுக்குப் பொலெண்டா என்று சோளமாக் களி வந்தபோது ஒருவர், "உது எங்கட ஊரில மாட்டுக்கு வைக்கிறது" என்று பெரிய பகிடி விட்டார். சிரித்தார்கள். களி தின்று வளர்ந்த வாய்தான் அது. எனக்குத் தெரியும், அவருடைய ஊர் எனக்குப் பக்கத்து ஊர்.

மனைவி அன்றிரவும் இரண்டு தரம் எழும்பினாள். ஒரு தரம் யாருக்கோ வெந்நீர் கேட்டு வாங்கிக் கொடுக்க. மற்றத் தரம் தட்டுகளை அடுக்க.

"நீ ஏன் தட்டு அடுக்கிறாய்? அவை வேலைக்கு ஆள் வச்சிருக்கினம்."

"சும்மா இருக்கக் கை கூசுதப்பா."

"கூசட்டும். மடியில வை."

அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரி மா உருட்டிக் காட்டினாள். ஆட்கள் சுற்றி நின்று படமெடுத்தார்கள். மரத்தடியால் மாவைத் தள்ளத் தள்ள, மேசை மறைகிற அளவுக்கு அது விரிந்தது. மனைவியின் கண் அந்த மாவிலேயே நின்றது. அவளுடைய விரல்கள் தாமாக அசைவதைக் கண்டேன். வீட்டுக்காரியும் கண்டாள். கண்டு, மனைவியின் மணிக்கட்டில் இருந்த தழும்பையும் கண்டாள். தன்னுடைய இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அதே இடத்தில் அதே கோடு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"இரவுக்குக் கோழியும் காளானும். காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டேன். நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று வீட்டுக்காரி மனைவியிடம் சொன்னாள். இவளுடைய இங்கிலீசும் அவளுடைய இங்கிலீசும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இடையில் நான் தேவைப்படவில்லை.

எனக்குச் சந்தோசம். இன்றைக்கு நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

பின்னேரம் வீட்டுக்காரியின் புருசன் பழைய புகையிலைப் போறணையைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூப்பிட்டான். இலையைச் சூட்டில் உலர்த்துகிற, தகரம் அடித்த உயரமான கொட்டில். புகையிலையைப் பற்றி எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நான் போனதே புகையிலைத் தோட்டத்துக்குத்தான். இலை எப்போது முற்றும், எப்படிக் கோர்ப்பது, சூடு கூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல, அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவன் சொன்னதையும் நான் கொஞ்சம் கேட்டேன். நல்ல மனுசன். அப்படியே கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எங்கள் கூட்டத்தில் மலேசியாக்காரி ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற நேர்ஸ். அவர் வேகமாக நடந்து போறணைக்கே வந்தார்.

"அண்ணே, உங்க வைஃப் அங்க சமைச்சிட்டு இருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கை?"

"கெஸ்ட் கிச்சன்லதான். பெரிய சட்டி. கை வீங்கியிருக்கு அண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

நான் ஓடின ஓட்டத்தை என் வயதுக்காரர் ஒருவரும் ஓடமாட்டார்கள்.

விருந்தாளிகள் தேத்தண்ணி போடுவதற்கென்று ஒரு சின்னக் குசினி இருந்தது. அதற்குள் போனால், குக்கர் புசுபுசுவென்று ஆவி விடுகிறது. வெங்காயம் கும்பமாக உரித்துக் கிடக்கிறது. கருவாடு மணக்கிறது. அடுப்பில் என் கடைச் சட்டிக்குக் குறையாத ஒரு சட்டி. அதற்கு முன்னால் நின்று, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என் மனைவி அகப்பை பிடித்துக் கிண்டுகிறாள். சுற்றிவரக் கதிரைகளில் வட்டத்து ஆட்கள். ஒருவர் பேப்பர் பார்க்கிறார். ஒருவர் பேத்தியோடு வீடியோவில் கதைக்கிறார். செயலாளர் வாசலில் சாய்ந்து நின்று, "அக்காவின்ட சொதி வாசம் பண்ணைக்கே அடிக்குது" என்கிறார்.

அங்கே நான் போட்ட சத்தத்தைத் திராட்சைத் தோட்டத்தின் அடுத்த கரையில் கேட்டிருப்பார்கள்.

"ஆர் இவளைச் சமைக்கச் சொன்னது?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்!"

"அண்ணை, ஏன் கோவிக்கிறியள்?" என்று செயலாளர் வந்தார். "நாங்கள் கட்டாயப்படுத்தேல்லை. சின்னதா ஒரு சொதி, ஒரு சம்பல். ரெண்டு நாளா ஒருத்தருக்கும் வயிறு சரியில்லை. அக்காட்டக் கேட்டம். அக்கா ஓம் எண்டா."

"அவ எப்பவடா இல்லை எண்டவ? அவவுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதானே நான் இல்லாத நேரம் பாத்துக் கேட்டனீங்கள்?"

"அண்ணை, மரியாதை..."

"வெட்டின கை அது! உங்கட அறுபதாம் கலியாணத்துக்கும் உங்கட பிள்ளையின்ட கலியாணத்துக்கும் இடியப்பம் அவிச்சு வெட்டின கை!"

"நீங்கள்தானே அண்ணை பஸ்ஸுக்க மைக் பிடிச்சுச் சொன்னனீங்கள்? மனிசியின்ட சொதிக்கு ஈடில்லை எண்டு. நீங்கள் சொல்லாட்டி எங்களுக்கு அந்த நினைப்பே வந்திராது."

பேப்பருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்: பொன் இருக்கிற வீடு என்று ஒருவன் சொன்னால், அது களவெடுக்க வரச்சொல்லி விடுத்த அழைப்பு அல்ல.

"இஞ்சேருங்கோ, சத்தம் போடாதையுங்கோ" என்றாள் மனைவி. திரும்பக்கூட இல்லை. "தேங்காய்ப்பால் விட்டிட்டன். கிண்டாட்டித் திரைஞ்சுபோகும்."

"திரையட்டும். விட்டிட்டு வா."

"எப்பிடி விடுறது? இத்தினை பேர் பசியோடை இருக்குதுகள்."

"அங்கால ஒருத்தி காலமை துவக்கம் உங்களுக்குச் சமைச்சு வச்சிருக்கிறாள். என்ன பசி?"

அவள் அகப்பையை விடவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்தவள், பால் திரையும் என்று வர மறுக்கிறாள். பால் திரைந்தால் அவளுக்கு அவமானம். சட்டி முன்னால் இருக்கும்வரை அவள் நகரமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் அகப்பையைப் பறித்தேன்.

"நான் கிண்டுறன். நீ போ."

"உங்களுக்குக் கிண்டத் தெரியாதப்பா!"

"ஊரிலை உள்ளவனுக்கெல்லாம் சோறு போட்டவன் நான். எனக்கே கிண்டத் தெரியாது?"

தெரியாது. கடையில் நான் கல்லாவிலும் வானிலும் நின்றவன். சந்தைக்குப் போய் மீன் பார்ப்பேன், ஆட்டின் தொடையைத் தட்டி வயசு சொல்லுவேன், கடன்காரனைக் கண்ணால் அறிவேன். அகப்பை பிடித்ததில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் ஒத்துக்கொள்ள நான் என்ன மடையனா?

வாசல் இருண்டது. பண்ணை வீட்டுக்காரி வந்து நின்றாள். குக்கரைப் பார்த்தாள். கருவாட்டைப் பார்த்தாள். கதிரைகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். செயலாளர் சிரித்துக்கொண்டே, இது கலாசாரப் பரிமாற்றம், உங்களுக்கும் எங்கள் உணவைக் காட்டத்தான் என்று நல்ல இங்கிலீசில் அளந்தார்.

"என்னுடைய கோழி காலையிலிருந்து அடுப்பில் இருக்கிறது" என்றாள் அவள். அவ்வளவுதான். என்னைப்போலக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பிறகு என் மனைவியின் வீங்கின கையைக் கண்டாள். நேராக வந்து, மற்றக் கையைப் பிடித்தாள். இவள் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் விடவில்லை. எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் நடுவால் இவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மலேசியாக்காரி தன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இன்னும் இரண்டொருவர் தலையைக் குனிந்தபடி எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் சோற்றுக்காக இருந்தார்கள்.

நான் சட்டியோடு நின்றேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று செயலாளரைக் கேட்டேன். "சம்பலுக்கு வெங்காயம் வெட்டும்."

"நானோ?"

"நீர்தான். எஞ்சினியர்தானே, அளந்து வெட்டும். பேப்பர் பாக்கிறவர், நீர் எழும்பித் தேசிக்காய் பிழியும். அங்கால வீடியோவில கதைக்கிறவ, அம்மா, பிள்ளைக்கு நல்லாக் காட்டுங்கோ, தாத்தாமார் சமைக்கினம் எண்டு."

அவர்கள் எழும்பினார்கள். கோபத்தில் எழும்பினார்களோ பசியில் எழும்பினார்களோ தெரியாது. செயலாளருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கு அது போதவில்லை. இன்னும் ஒரு மூட்டை வெங்காயம் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டின் குசினி. அதன் யன்னல் வெளிச்சமாகத் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அந்த வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, மேசை தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று அகப்பையை வைத்துவிட்டு வாசல்வரை போனேன். அந்தக் கொஞ்ச நேரம் போதும். திரும்பி வந்தால் சட்டிக்குள் மேலே தண்ணீரும் கீழே வெள்ளைத் துணுக்குமாகச் சொதி பிரிந்து கிடந்தது.

"திரைஞ்சுபோச்சு அண்ணை" என்றார் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"குடியும்."

குடித்தார்கள். திரைந்த சொதியும், துண்டு துண்டாக வெட்டின வெங்காயச் சம்பலும், அடிப்பிடித்த சோறும். நானும் தின்றேன். முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அது அவளுடைய சிரிப்பு என்று எனக்கு உடனே தெரியவில்லை. வாய் திறந்து அவள் அப்படிச் சிரித்துக் கேட்டுக் கனகாலம். யாருக்காக இந்தப் பயணம் வந்தேனோ அவள் அங்கே இருந்து சாப்பிடுகிறாள். பக்கத்தில் இருந்து பார்க்க வந்தவன் இங்கே, வெங்காய நாற்றத்துக்குள், எனக்கு ஆகாத ஆட்களோடு கோப்பையை வழித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காட்சியை என்னிடமிருந்து பிடுங்கினவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

அவள் அறைக்குத் திரும்பி வந்தபோது கையில் பண்ணை வீட்டுக்காரி கட்டிவிட்ட ஐஸ் துணி.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"எழும்பினியோ?"

"எழும்ப விடேல்லை அவள். தோளில கையை வச்சு அமத்திப்போட்டாள். மாஞ்சா, மாஞ்சா எண்டு ஒரே பிடி. சாப்பிடு எண்டு அர்த்தமாம்."

"சூடா இருந்துதோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நாக்குச் சுட்டுப்போச்சப்பா. ஆறவிட்டுச் சாப்பிட மறந்துபோனன். கோழி நல்ல பதம். அந்தக் களியும் நல்லாத்தான் இருந்துது." ஐஸ் துணியை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சொதி என்ன மாதிரி?" என்றாள்.

"உன்ட மாதிரித்தான்."

"பொய்" என்றாள். சின்னக் குசினியை இடையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன மலேசியாக்காரி முன்னமே சொல்லிவிட்டாராம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மைக் ஊமையாக இருந்தது. வட்டத்தில் என்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு ஆட்கள் வந்து சொல்கிறார்கள். படிக்காதவனாம், சபை தெரியாதவனாம், பொம்பிளையைச் சமைக்கக்கூட விடாத முரடனாம். கதைக்கட்டும். படித்தவர்களின் சபையை நான் கதிரையிலிருந்து பார்த்தேன், சட்டியடியிலிருந்தும் பார்த்தேன்.

போன கிழமை தொலைபேசி அடித்தது. செயலாளரின் மனைவி. குரலில் தேன் ஒழுகியது. வட்டத்தின் ஆண்டு ஒன்றுகூடலாம். பெரிதாக ஒன்றுமில்லையாம், கொஞ்சம் இடியப்பமும் ஒரு சொதியும்தானாம். பழசை மனதில் வைத்திருக்க வேண்டாமாம்.

"அக்காட்ட ஒருக்காக் குடுங்கோ அண்ணை, நான் கேட்டா அவ மறுக்க மாட்டா."

மனைவி எனக்கு எதிரே மேசையில் இருந்தாள். மகள் கொண்டுவந்து தந்த குழம்பைச் சூடுகாட்டி அவளுடைய கோப்பையில் போட்டுக் கொடுத்திருந்தேன். தொலைபேசிச் சத்தத்துக்கு அவள் கதிரையைத் தள்ளத் தொடங்கிவிட்டாள். நான் கையால் இரு என்று காட்டினேன்.

எங்கள் கலியாணம் முடிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள், எத்தனை பேர் தொலைபேசி எடுத்திருப்பார்கள். பெரிய மனுசரோ கடன்காரரோ, எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தி, "அவர் சாப்பிடுறார், பிறகு வாங்கோ" என்று சொல்லி என் சோற்றைக் காத்தவள் அவள். அதே வார்த்தையை நான் அவளுக்காக ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும்போது வாய்க்குள் புதுச் செருப்புப் போலக் கடித்தது.

"அவ சாப்பிடுறா" என்றேன்.

"சரி அண்ணை, அப்ப நான் லைன்ல நிக்கட்டோ?"

"வேண்டாம், வையுங்கோ. அவ ஆறுதலாத்தான் சாப்பிடுவா."